பார்க்க வருகிறவர்

5-5-74, ஞாயிறு

பள்ளி விடுதி அறையை இம்மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். ஜூனிலிருந்து அது மாணவிகளுக்கு. எனக்கு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் போதும். ஆனால் புதுத் துறைமுகத்துக்கு ஆட்கள் வந்து குவிவதால் வாடகை ஆசிரியைக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை.

7-5-74

வீட்டைப் பற்றி நான் ஒன்று கேட்பதற்குள் என்னைப் பற்றி எல்லாம் கேட்டுவிடுகிறார்கள். மேலூரில் ஒருவர், "சார் எங்க வேலை பாக்காவ?" சார் இல்லை என்றேன். என் கழுத்தைப் பார்த்தார். "வீடு நேத்தே பேசியாச்சு." வாசலில் 'வீடு வாடகைக்கு' அட்டை அப்படியே தொங்கியது.

அடுத்த வீட்டு அம்மாள்: "ஆம்பளையாளு யாரும் வந்துபோவாவளா?" இல்லை. "இப்ப அப்படித்தான் சொல்லுவிய."

இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? பத்து வருடம் கணக்கு நடத்தியும் விடை தெரியவில்லை.

10-5-74

சண்முகபுரத்தில் ஒரு மாடி அறை. ஜன்னல் கம்பி உப்புக்காற்றில் துருவேறியிருக்கிறது. சமையல்கட்டில் ஒருவர் திரும்பலாம், இருவர் முடியாது. வாடகை என்னால் முடிந்தது. பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் கிருபாபாய், சாயர்புரத்துக்காரர், விதவை. ஒரே மகன் கப்பலில்.

"உங்களைப் பாக்க யாரு வருவா டீச்சர்?"

இதற்குத்தான் பாடம் படித்திருக்கிறேனே. "யாரும் வரமாட்டாங்க. நீங்க கவலையே பட வேண்டாம்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப வீடு இல்ல."

11-5-74

காரணம் தெரியாமல் விட முடியவில்லை. திரும்பப் போய்க் கேட்டேன்.

முன்பு அந்த அறையில் ஒரு குமாஸ்தா, தனியாள். காய்ச்சலில் போய்விட்டாராம். "தங்கமான மனுசன். ஆனா யாருக்குச் சொல்லிவிட? கொள்ளி வைக்க ஆள் தேடி நான் அலைஞ்ச அலைச்சல் கர்த்தருக்குத்தான் தெரியும். உங்க ஆள்ல ஒருத்தர் இங்கன வந்து, என் கண்ணு முன்னால ஒரு வாய் காப்பி குடிக்கட்டும். அப்புறம் சாவி."

எனக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை என்றேன்.

"அவருக்கும்தான் ஆகல."

நியாயமற்ற நிபந்தனை. முட்டாள்தனமானது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. எனக்கு ஒன்று என்றால் யாருக்குச் சொல்வார்கள்? திருநகரியில் பராங்குசம் அண்ணா இருக்கிறார். அம்மா காரியத்தன்று, "உனக்கு யாரும் வேண்டாம்னுதானே போனே" என்றார். ஆமாம் என்றேன். அதோடு ஐந்து வருடம்.

13-5-74

அண்ணாவுக்குக் கார்டு போட்டேன். வரவேண்டும் என்று எழுதவில்லை. வந்தால் நல்லது என்று எழுதினேன்.

18-5-74

பதில் இல்லை. ரயில் வேலைநிறுத்தத்தில் தபால் தாமதமா, அல்லது—

இன்னும் இரண்டு வீடு பார்த்தேன். ஒன்றுக்கு ஜன்னல் இல்லை. மற்றதற்கு நான் சரியில்லை. கிருபாபாய் வீட்டைத் துறைமுகத்து ஆள் ஒருவர் கேட்கிறாராம். "வியாழக்கிழமை வரைக்கும் பாப்பேன் டீச்சர்."

22-5-74, புதன்

அண்ணா வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே. தலை முழுக்க வெளுத்திருக்கிறது. கார்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேரே சண்முகபுரம் அழைத்துப் போனேன். பாதி வழியில்தான் உறைத்தது: அண்ணா வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்! இதை எப்படி மறந்தேன்?

கிருபாபாய் காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணா கும்பிட்டார். தொடவில்லை. ஆடை படியும்வரை மூவரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கிருபாபாய் அதை எடுத்துக்கொண்டு போனார். சரி, போயிற்று.

மாடிப்படியிலிருந்து எதிர்க்கடைக்குக் குரல்: "ராமர் அண்ணாச்சி, கோலி சோடா ஒண்ணு குடுத்துவிடுங்க. உடைக்காம."

அண்ணா புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானே கோலியை அமுக்கி, அண்ணாந்து, முழுவதும் குடித்தார்.

"சோடான்னாலும் தொண்டைக்குள்ளதான போவுது," என்று கிருபாபாய் சாவியை என் கையில் வைத்தார்.

பஸ் ஏறும்போது அண்ணா சொன்னது ஒன்றுதான். "ஜன்னல் கம்பி துருப்பிடிச்சிருக்கு. பெயின்ட் அடிச்சுக்கோ."

1-6-74

குடிவந்தேன். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.

14-8-74

அண்ணா கையில் ஒரு டப்பா பெயின்ட்டோடு வந்தார். பச்சை. நான் தேர்ந்தெடுக்கக்கூடிய நிறமே இல்லை. கீழே ராமர் கடையில் அவரே சோடா வாங்கிக் குடித்துவிட்டு மேலே ஏறினார்.

9-11-74, சனி

கிருபாபாய்க்குக் கண்புரை ஆபரேஷன். மகனின் கப்பல் வர மாசி ஆகுமாம். நர்ஸ் வராந்தாவுக்கு வந்து, "கிருபாபாய் அம்மாவுக்கு யாரு வந்திருக்கா?" என்றாள். பெஞ்சில் நான் மட்டும்தான். இருந்தும் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு எழுந்தேன்.

கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். என் செருப்புச் சத்தம் தெரிந்திருக்க வேண்டும்.

"காப்பி குடிச்சியளா டீச்சர்?"

"இன்னும் இல்லை."

"அப்ப நீங்க இன்னும் வரல."