உள்ளே காய்ந்த துணிகள்

மார்ச் 3, திங்கள்
புகைபோக்கியில் கந்தகத்தை அளக்கும் அனலைசர் இன்று சமர்த்து. சிலிண்டரைத் திறந்து, அளவு தெரிந்த வாயுவை ஒரு நிமிடம் செலுத்தினேன். திரையில் அதே எண் வந்தது. மூடிவிட்டு, சிலிண்டரில் மிச்சமிருந்த அழுத்தத்தைப் பதிவேட்டில் எழுதினேன்: 120. “இதை யாரு படிக்கப் போறா?” என்று அத்தான் கிண்டல். அக்கா வீட்டுக்காரர், இந்த அனல்மின் நிலையத்தின் ஷிப்ட் பொறுப்பாளர், எனக்கு வேலை வாங்கித் தந்தவர். அனலைசர் அறைக்கு இன்னொரு சாவி கேட்டார். பதிவேட்டில் கையெழுத்து போட்டால்தான் என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார்.

மார்ச் 8, சனி
தொண்டை ஒரே கரகரப்பு.

மார்ச் 10, திங்கள்
வெள்ளி மாலையிலிருந்து கந்தக அளவு ஒரே எண்ணில் நிற்கிறது. நிலக்கரிப் புகையாவது, ஒரே எண்ணில் நிற்பதாவது! சிலிண்டர் அழுத்தத்தைப் பார்த்தேன். 35. நான் தொடவே இல்லையே. புகைக்குப் பதில் சிலிண்டர் வாயுவையே அனலைசருக்கு ஊட்டியிருக்கிறார்கள். 35 என்று எழுதிவிட்டு அத்தானிடம் போனேன். “புகை கழுவுற பம்பு போச்சு. யூனிட்ட நிறுத்தினா என் தலை உருளும். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ.”

பேசாமல் வந்துவிட்டேன். ஏன் வந்தேன்?

மார்ச் 11, செவ்வாய்
மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வு அதிகாரி வந்தார். எண் ஏன் அசையவில்லை என்று கேட்டார். அத்தான் என் முகத்தைப் பார்க்காமல், “அந்த ரூம் சாவி அவங்ககிட்டதான் சார் இருக்கு.”

அவங்க! பத்து வருஷமா ‘வா, போ’ன்னு கூப்பிட்ட வாய்.

அக்காவிடமாவது சொல்லி அழலாம் என்று போனேன். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கூடம் முழுக்கக் கயிறு, ஈரத் துணி.

“எப்பலருந்து உள்ள காயப் போடுற?”

“வெள்ளிக்கிழமைலருந்து. புகை வரும்னு அவருதான்—” நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் அடுத்த தெருவில்தானே இருக்கிறேன்? என் ஜன்னல் நாலு நாளும் திறந்தே கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா அவளுக்கு?

மார்ச் 12, புதன்
பதிவேட்டை அதிகாரியிடம் கொடுத்தேன். அழுத்தம் எழுதிய பக்கத்தையும், சாவிக் கையெழுத்தையும் காட்டினேன். திங்களன்றே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

ஏப்ரல் 4, வெள்ளி
நின்றிருந்த யூனிட் ஓடுகிறது, புதுப் பம்புடன். எண் ஏறுகிறது, இறங்குகிறது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அத்தான் சஸ்பென்ஷனில் வீட்டில் இருக்கிறார்.

மாலை அந்தத் தெரு வழியாக வந்தேன். அக்கா மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கை அசைத்தேன். பார்த்தாள். ஒரு போர்வையை எடுத்து உதறி, எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த கயிற்றில் விரித்துப் போட்டாள்.