டேப்பின் மறுமுனை

ஆடி 8, வியாழன்.

மலைக்கோட்டைக்குக் கீழே, அகலப்படுத்திய தெருவில் இன்று பூட்டுக்கடை பாயைப் பார்த்தேன். கடைகளை இடிப்பதற்கு முன் அந்தத் தெருவை அளந்த சர்வேயர் நான். அன்று என் உதவியாள் வரவில்லை. பாயின் கடையை அளந்தபோது டேப்பின் மறுமுனையை அவரேதான் பிடித்துக்கொண்டார். டீயும் வாங்கித் தந்தார்.

"ரோடு நல்லா இருக்கு சார்" என்றார். கோபமே இல்லை. "நம்ம கடை எங்க இருந்துச்சுன்னுதான் புடிபடல. நீங்கதானே அளந்தீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்."

அடையாளத்துக்கு இருந்த பழைய மரமும் இல்லை, கடைப் படிகளும் இல்லை. எனக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் ஏதோ ஒரு புது விளக்குக் கம்பத்தின் அடியைக் காட்டினேன்.

பாய் அங்கே போய், கடைக்குள் ஏறுகிறவர்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சாப்பிட்டேன்.