மேக் முடியட்டும்

ஜூன் 17, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். பாலக்காட்டுக் காற்று. துணி காயவில்லை, அம்மா தெலுங்கில் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வேலை: மேக். மறுபடியும் மேக். புரோகிராம்களில் தப்பு தேடும் எங்கள் டீபக்கர் லினக்ஸில் ஓடுகிறது, விண்டோஸில் ஓடுகிறது, தறிக்குள் இருக்கும் குட்டி போர்டில்கூட ஓடுகிறது. மேக்கில் மட்டும் அடம். ஓடுகிற புரோகிராமை இந்த இடத்தில் நிறுத்து என்றால் ஒரு தரம் நிறுத்துகிறது, அடுத்த தரம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. நிறுத்தி உள்ளே பார்ப்பதற்காகவே எழுதிய கருவி. அதைக்கூடச் செய்யாவிட்டால் பிறகு எதற்கு?

லினக்ஸையும் தறி போர்டையும் பார்ப்பது கூட வேலை செய்யும் செந்தில். விண்டோஸும் மேக்கும் நான். ஆர்.எஸ்.புரம், பட்டுக்கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு மேஜை. இனி செ. என்றே எழுதுகிறேன். முழுப் பெயரை எழுதினால் பேனா அங்கேயே நின்றுவிடுகிறது.

சித்திரையில் செ. சொன்னது: "மேக் முடியட்டுங்க வித்யா. மூணுலயும் ஓடுச்சுன்னா அன்னிக்கே அப்பாகிட்டப் பேசிப்போடறேன். கையில ஒண்ணு இருந்தாத்தானுங்க தெம்பாப் பேச முடியும்."

அவர்கள் கவுண்டர், நாங்கள் நாயுடு. கையில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும்தான். ஆக, என் கல்யாணம் ஒரு டெஸ்ட் பாஸ் ஆவதில் நிற்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

வாங்க: தயிர், குடை, அம்மாவின் முட்டிக்குத் தைலம்.

ஜூன் 18, புதன்

கொஞ்சம் வெயில். தைலம் மறந்துவிட்டேன்.

மேக் அப்படியே. மத்தியானம் வரை முட்டிக்கொண்டதில் தலைவலி மட்டும் மிச்சம். செ. பக்கத்து மேஜையில் சென்னிமலைத் தறியோடு மல்லுக்கட்டு. துரைசாமி அண்ணனின் பெட்ஷீட் தறி அது. இங்கிருந்தே நெட் வழியாக அதன் போர்டைப் பிடித்து உள்ளே பார்க்கிறார்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: நிறுத்தியவர்தான் ஓடவிட வேண்டும். ஒருவர் நிறுத்தி வைத்ததை மற்றவர் தொடக்கூடாது. செ. சாப்பிடப் போனபோது அவர் திரையில் ஏதோ நின்றுகொண்டிருந்தது. விரல் துறுதுறுத்தது. தொடவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. வாங்க, போங்க என்பதையும் விட்டதில்லை. இந்த ஊரில் காதலிப்பவர்களும் மரியாதையாகத்தான் காதலிக்கிறார்கள்.

மாடிப்படியில் இறங்கும்போது கீழே பட்டுக்கடையில் யாரோ சொன்னது கேட்டது: "அந்த மாம்பழக் கலரையே எடுத்துப்போடு கண்ணு. ஆடி பொறந்துட்டா ஒண்ணும் ஆகாது."

ஜூன் 19, வியாழன்

கிடைத்துவிட்டது!!

தப்பு என்னுடையதுதான். பிரேக்பாயின்டை, அதாவது நிறுத்தும் குறியைக் கொஞ்சம் தூக்கி, புரோகிராமுக்குள் ஓடும் பல ஓட்டங்களில் ஒன்றை, ஒரு த்ரெட்டை, ஓரடி நகர்த்தி, திரும்ப வைக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்ற த்ரெட்களையும் பிடித்து வைக்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டிருக்கிறேன். தூக்கிய சமயம் பார்த்து அவை தாண்டிப் போய்விட்டன. லினக்ஸில் செ. இதை முதல் மாதமே சரியாகச் செய்திருக்கிறார். என்னிடம் சொல்லத்தான் தோன்றவில்லை போலும்.

டெஸ்ட் எல்லாம் பச்சை. மேலிருந்து கீழ்வரை பச்சை. "ஏனுங்க, முடிஞ்சுதுங்க" என்று கத்திவிட்டேன். கீழே கடைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

செ. எழுந்து வந்து பார்த்தார். "அட, முடிஞ்சேபோச்சுங்களா?" என்றார். தண்ணீர் குடித்தார். "நாளைக்கு நான் வரமாட்டேனுங்க. ஈரோட்டுல பல் டாக்டர்."

பல்லாவது ஒன்றாவது. நேற்றுத்தான் என் டப்பாவிலிருந்த முறுக்கை மொறுமொறுவென்று காலி செய்தார். அப்பாவிடம் பேசப் போகிறார், சொன்னால் நான் பதறுவேன் என்று மறைக்கிறார். மறைக்கட்டும். எனக்கும் தெரியாதது போல இருக்கத் தெரியும்.

சந்தோஷம். எழுதிவைக்கிறேன்: இன்று சந்தோஷம். அம்மாவுக்குத் தைலமும் வாங்கிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

தலைக்குக் குளித்து, மெரூன் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். யாருக்காக என்று கேட்டாள் அம்மா.

பதினோரு மணி வாக்கில் துரைசாமி அண்ணன் போன். "ஏனுங்க அம்மணி, உங்க டப்பா எங்க தறியப் புடிச்சுக்கிட்டு உடமாட்டேங்குதுங்க."

செ. ஊடை நூல் அறுந்தால் நிற்கும்படி ஒரு பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு எடுக்காமலே போயிருக்கிறார். நூல் அறுந்தது, புரோகிராம் நின்றது, தறியும் நின்றது. இப்படி மறக்கிற ஆள் இல்லை. அவரைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்றேன்.

"தம்பி போன எடுக்கமாட்டாருங்க அம்மணி. நானும் போட்டுப் பாத்தேன். இன்னிக்கு உப்புச்சக்கரை மாத்தறாங்கல்லங்க."

"யாருக்குங்க?"

"தம்பிக்குத்தானுங்க. பொண்ணு பெருந்துறைப் பக்கம். ஆடிக்கு முன்னாடி நிச்சயம் பண்ணிப்போடலாம்னு பெரியவரு அவசரப்படறாரு. என்னையுங் கூப்புட்டாங்க, தறிய உட்டுப்போட்டு எங்கீங்க போறது? ஏனுங்க, உங்களுக்குச் சொல்லலீங்களா?"

"சொன்னாருங்கண்ணா. நான்தான் மறந்துட்டேன்."

செ. நாற்காலியில் உட்கார்ந்தேன். பிரேக்பாயின்டை எடுத்து, ஓடவிட்டேன். நிறுத்தியவர் வேறு ஊரில் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார், சட்டமாவது மண்ணாவது. போனிலேயே தறிச் சத்தம் கேட்டது. "நல்லா இருங்க அம்மணி" என்றார் அண்ணன்.

குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் மூடினேன்.

ஜூன் 22, ஞாயிறு

மழை இல்லை. சோறு இறங்கவில்லை.

அம்மா கேட்காமலே தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். ரசம் வைத்து, சோற்றைக் கரைத்து, டம்ளரில் கொடுத்தாள், காய்ச்சல்காரிக்குக் கொடுப்பதுபோல.

போன் வரவில்லை. வந்தால் எடுக்கக்கூடாது என்று காலையில் முடிவு. வராததற்கு மத்தியானம் கோபம். சாயங்காலம் சிக்னல் இருக்கிறதா என்று மொட்டை மாடியில் போய்ப் பார்த்தேன். வெட்கம் கெட்டவள்.

ஜூன் 23, திங்கள்

செ. வந்தார். விரலில் புது மோதிரம். கழற்றிவிட்டு வரும் அளவுக்காவது எனக்குப் பயந்திருக்கலாம்.

"துரைசாமி அண்ணன் சொன்னாருங்க" என்றேன்.

கீபோர்டைத் தள்ளி வைத்தார். "அப்பா கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டாருங்க வித்யா. நான் என்ன பண்ணட்டும்?"

"நம்மளப் பத்திச் சொன்னீங்களா?"

மோதிரத்தைத் திருகினார்.

"மேக் முடியட்டும்னு சொன்னீங்களே?"

"அது முடியாதுன்னு நெனச்சேனுங்க."

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொன்னவர், இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நான் ராப்பகலாய் அந்த மேக்கோடு மாரடித்தபோதெல்லாம், இது முடியக்கூடாது என்று பக்கத்து மேஜையில் ஒருவர் வேண்டிக்கொண்டு இருந்திருக்கிறார். த்ரெட் விஷயம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நெஞ்சு வலிக்கிறது. நிஜமாகவே, இடது பக்கம்.

ஜூன் 25, புதன்

ரிலீஸ் செய்தேன். நானே. மூன்றிலும் ஓடுகிறது. யாரோ முன்பின் தெரியாத ஆள் அருமையான வேலை என்று எழுதியிருக்கிறான். நன்றி என்று போட்டேன்.

வேறு வேலை தேட வேண்டும். பழைய ரெஸ்யூமே எங்கே?

ஜூன் 27, வெள்ளி

தூறல். செ.யின் அம்மா வந்தார்கள். கீழே கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள், மகனின் ஆபீசைப் பார்க்க மேலே ஏறிவிட்டார்கள். மூச்சு வாங்கியது. என் நாற்காலியைக் கொடுத்தேன்.

கையிலிருந்த பையிலிருந்து மல்லிகைப் பூ எடுத்து, என்னைத் திரும்பச் சொல்லி, அவர்களே வைத்துவிட்டார்கள். அந்தக் கை என் தலையில் பட்டது. இந்தக் கைக்காகத்தானே காத்திருந்தேன்.

"இவனுக்குக் கூடப் பொறந்தவ இல்லீங்க அம்மணி. கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு இணைச்சீரு அக்கா தங்கச்சிதான் நின்னு செய்யோணும். பெரியப்பன் பொண்ணு செய்யறா. ஆனா எனக்கு மனசு கேக்கலீங்க. நாளெல்லாம் இவங்கூட இருந்து இவன ஆளாக்கினது நீங்க. பக்கத்துல நின்னு தட்டையாச்சும் எடுத்துக் குடுக்கோணும். ஏன் சாமி, தங்கச்சி மாதிரிதானே?"

கடைசிக் கேள்வி மகனிடம்.

செ. என்னைப் பார்க்கவில்லை. "ஆமாங்கம்மா" என்றார்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கண்டிப்பா வாரேனுங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன்.