N என்றால் நில்லு

9-9-1974, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கார் இடம் மாறியிருக்கிறது. காலையில் உப்புக் கொட்டகை வாசலில் நின்றது. இப்போது சரிவில் இறங்கி, பனையோலைக் குவியலில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது. யார் ஓட்டியது என்று உப்பு லாரி டிரைவர் பஞ்சநாதனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"சாவி உங்ககிட்டதானேம்மா இருக்குது."

ஆமாம். கைப்பைக்குள்தான் இருந்தது.

ஆடியில் ஒரு மத்தியானம், இந்த வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் இந்த உப்பளத்துக்கு முதலாளியான என் வீட்டுக்காரர். மாரடைப்பு. ஆட்கள் ஓடிப் பார்த்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

10-9-74

பாத்தியில் உப்பு வாருகிற விருத்தாம்பாள் வந்தாள். கூலி விஷயம் என்று நினைத்தேன். "டீச்சரம்மா, மொதலாளி இன்னும் வண்டிய விட்டு எறங்கல" என்றாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவளிடம் வந்து பேசுகிற பேச்சா இது என்று விரட்டினேன்.

விரட்டிய பிறகு போய்க் கண்ணாடி வழியே முன் சீட்டைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

15-9-74, ஞாயிறு

மாதா கோயிலுக்குக் காரில் போனேன். அவர் போனபின் இதில் ஏறுவது இதுதான் முதல் தடவை. பாண்டியிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன அமெரிக்க வண்டி. கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குச்சி. அதைத் தள்ளத் தள்ள, கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு முள் P R N D L என்று எழுத்துக்கு எழுத்து நகரும்.

இதெல்லாம் என்ன என்று பஞ்சநாதனைக் கேட்டேன். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன் மாதிரி சொன்னான். "அய்யா சொல்லிக் குடுத்ததும்மா. P-ன்னா பாண்டி. R-ன்னா ரிவர்ஸ். N-ன்னா நில்லு. D-ன்னா திண்டிவனம். L-ன்னா லோடு."

சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று சிரித்து. மனுஷருக்கு யாரையாவது கேலி பண்ணாவிட்டால் சோறு இறங்காது. ஆனால் பஞ்சநாதன் சிரிக்கவில்லை. ஒரு தடவை ஓடும்போது தெரியாமல் P-க்குத் தள்ளிவிட்டானாம். பல் உடைகிற மாதிரி கடகடவென்று சத்தம். "பாண்டிக்கு நான் ஓட்டிக்கிறேன், நீ அந்தப் பக்கமே போவாதே" என்று அவர் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து இவன் P-யைத் தொடுவதில்லை. நிறுத்தினால் 'நில்லு'தான்.

திரும்பும்போது D-இல் வைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி தானாக நகர்ந்தது.

"காலு எதுலயும் இல்லம்மா. நீங்களே பாருங்க."

பார்த்தேன். இரண்டு காலும் சும்மா இருந்தன. வண்டி மெல்லப் போய்க்கொண்டே இருந்தது. வீடு வரும்வரை கதவுப் பிடியை விடவில்லை நான்.

22-9-74

மறுபடியும் ஓலைக் குவியலில்.

29-9-74

இன்று கிளம்ப மாட்டேன் என்றது. சாவியைத் திருகினால் ஒரு முனகல்கூட இல்லை. நிறுத்தும்போது மாற்ற மறந்திருப்பான், முள் D-இல் இருந்தது. பஞ்சநாதன் காலி சீட்டைப் பார்த்து, "அய்யா உத்தரவு தரல" என்று முணுமுணுத்தான். பிறகு குச்சியை N-க்குத் தள்ளினான். உடனே கிளம்பியது.

"நில்லுல வச்சாதாம்மா இதுக்கு உயிரே வருது."

அவனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

3-10-74

சாயங்காலம் ஆனால் போய்க் காரில் உட்கார்ந்துகொள்கிறேன். என் பழைய இடம், அவருக்குப் பக்கத்தில். சீட்டில் அவருடைய தலை எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. பேசுகிறேன். பள்ளிக்கூடத்துக் கதை, உப்பு விலை, விருத்தாம்பாளின் முழங்கால் வலி. பைத்தியமா எனக்கு? இருக்கலாம்.

ஊரே பயப்படுகிறது, அவர் இதில் இருக்கிறார் என்று. எனக்கும் பயம்தான். இல்லையோ என்று பயம்.

"எங்க போறீங்களோ என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க" என்று இன்று சொன்னேன். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. அதுதான் நல்லதாகப் படவில்லை.

11-10-74

மழை வரப்போகிறது. ஓலையெல்லாம் எடுத்து உப்பு அம்பாரங்களை மூடிவிட்டார்கள். காருக்கும் சரிவின் அடியில் இருக்கிற வாய்க்காலுக்கும் நடுவில் இப்போது ஒன்றும் இல்லை. கழுவெளிச் சதுப்பில் தண்ணீர் ஏறி வாய்க்கால் தளும்ப நிற்கிறது.

வண்டியை வேறு இடத்தில் நிறுத்தப் பஞ்சநாதனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

13-10-74, ஞாயிறு

நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் போய் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினேன். மேல்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. வண்டி லேசாக ஆடியது. பிறகு நகர்ந்தது. எஞ்சின் இல்லை, சத்தம் இல்லை, சக்கரத்துக்கடியில் சரளை நொறுங்குவது மட்டும் கேட்டது. எனக்குப் பக்கத்தில் ஸ்டியரிங் தானாகக் கொஞ்சம் திரும்பியது. ஒரு கை திருப்புகிற மாதிரியே.

"என்னங்க" என்றேன்.

கதவைத் திறந்து குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். தண்ணீர் கிட்டே வந்துகொண்டிருந்தது, நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எதிர்க்கரையிலிருந்து விருத்தாம்பாள் கத்தினாள்: "நில்லு! அய்யோ, நில்லு!"

அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன். N. நில்லு. ஏற்கெனவே நில்லுவில்தானே இருக்கிறது? நில்லு என்று போட்டுவிட்டு என்னைத் தண்ணீருக்குள்ளேயா இழுத்துக்கொண்டு போகிறார்? சாகிற நேரத்திலும் என்னிடம் விளையாட்டா? எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ — பாண்டிக்கே போய்த் தொலை என்று குச்சியைப் பிடித்து இழுத்து P-க்குத் தள்ளினேன்.

கடகடகட. ஒரு உலுக்கு. நின்றுவிட்டது. முன் சக்கரம் கரை விளிம்பில்.

லாரியில் கயிறு கட்டி இழுத்தார்கள். விருத்தாம்பாள் என் கையை விடவே இல்லை.

16-10-74

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, வண்டியோடு பாண்டிக்குப் போனோம். அமெரிக்க வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் ராஜாங்கம், கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"P-ன்னா பார்க்கிங்குங்க. கியர் பொட்டிக்குள்ள ஒரு பல்லுச் சக்கரம் இருக்குது. P-ல வச்சா ஒரு கொக்கி வந்து அந்தப் பல்லுல விழும். அப்புறம் சக்கரம் அசையாது. வேகமா ஓடறப்ப போட்டா விழ முடியாம கடகடங்கும். N-ன்னா நியூட்ரல். எதுவும் எதையும் புடிக்காது. காத்தடிச்சாகூடப் போவும்."

D-இல் தானாக நகர்ந்ததே? எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய் சுழல்கிறதாம், கால் வைக்காவிட்டாலும் அந்தச் சுழற்சியே மெல்ல இழுக்குமாம். கிளம்பாதது? D-இல் கிளம்பினால் பாய்ந்துவிடும் என்று, P-யிலும் N-இலும் மட்டும் கிளம்புகிற மாதிரி சுவிட்சு வைத்திருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக் கம்பி உப்புக்காற்றில் இற்றுப்போய்விட்டது. புதிதாக மாட்டினார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

பஞ்சநாதன் முகம் சுருங்கிவிட்டது. "அய்யா ஏம்மா எங்கிட்ட அப்படிச் சொன்னாரு?"

"விளையாட்டுக்குத்தான். அப்புறம் சொல்லலாம்னு இருந்திருப்பார்" என்றேன்.

பேய் இல்லை என்றதும் நிம்மதி வரவேண்டும். எனக்கு அழுகை வந்தது. திரும்பும் வழியில் கூனிமேடு தாண்டும்வரை அழுதேன். அவரை இரண்டாம் முறை மண்ணில் வைத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

20-10-74

P. நகரவில்லை.

27-10-74

நகரவில்லை. சாயங்காலம் போய் உட்காரவில்லை. யாரோடு பேச?

2-11-74, கல்லறைத் திருநாள்

கல்லறைக்குப் போகிற பாதை கழுவெளியைப் பார்த்துச் சரிகிறது. சரிவில்தான் நிறுத்த இடம் கிடைத்தது. குச்சியை நானே P-க்குத் தள்ளினேன். ஹேண்ட் பிரேக்கையும் போடச் சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை. நாலு கதவையும் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டேன். பஞ்சநாதன் சாமந்தி மாலையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தான். கல்லறையடியில் என் பக்கத்திலேயே நின்றான்.

மேல்காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. நான் ஏற்ற ஏற்ற அணைந்தது. கோபம் வந்தது. "N-ன்னா நில்லா? அதோடயே நான் போயிருப்பேன், தெரியுமா?" என்று வாய்விட்டே கேட்டேன். பஞ்சநாதன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரும்பி வந்தோம். கார் வைத்த இடத்தில் இருந்தது. கதவு பூட்டியபடி இருந்தது. பஞ்சநாதன் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தான். சட்டென்று பின்வாங்கினான்.

"அம்மா, நான் தொடல."

முள் N-இல் இருந்தது.

ஹேண்ட் பிரேக் போடாமல்தான் கிடந்தது. என் கையிலிருந்த மெழுகுவத்தித் துண்டு நழுவி, வண்டிக்கடியில் உருண்டு, சரிவோடு தண்ணீர்வரை போயிற்று. காற்று முந்தானையை இழுத்தது. பஞ்சநாதன் விரலால் வண்டியைத் தொட்டான், பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

கடைசியில் எனக்குத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

"சரிங்க, நிக்கிறேன்" என்றேன்.

திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு ஆரம்பிக்க வேண்டும்.