மூன்று மாதம் பார்ப்பேன்

12 ஆகஸ்ட் 1989, சனி

வந்தவர்கள்: படம் போட்டுக் காட்டும் ஜெயராஜ், அவன் அம்மா மார்க்கிரட், கூடத்துக் காவல்காரர் வேலாயுதம், என் அண்ணி பவுனம்மா, நான். ஐந்தே பேர். அதிலும் வேலாயுதம் படத்தில் பெயர்கள் ஓடும்போதே தூங்கிவிட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கூடத்தில் படம். கதை இல்லை, நிஜ மனிதரைப் பற்றியது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் விடுதலைக்குப் போராடியவர். பிடிக்க வந்தபோது தப்பி, ஆப்பிரிக்காவில் ஏதோ சின்ன ஊரில் இருக்கிறார். திரும்பினால் ஜெயில். ஜெயராஜ் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். அவர் கோழிக்குத் தீனி போட்டார், சிரித்தார், வேலியைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். அந்தப் பார்வை என் அண்ணன் தம்புசாமியுடையது.

அண்ணி கேட்டாள்: "தம்பி, அவருக்கு வீட்டுலேருந்து கடுதாசி வருமா?"

"வாராவாரம் வரும் ஆன்டி. சம்சாரம் எழுதுறாங்க லா."

நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அடுத்த சனி அவரைப் பற்றியே இரண்டாவது படமாம், இருபது வருஷம் கழித்து எடுத்தது. போகக்கூடாது.

14 ஆகஸ்ட்

1949, மே மூன்றாம் தேதி. ஜெஞ்சாரோம் பக்கத்துத் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் வைத்த அண்ணனை வெள்ளைக்காரர்கள் போலீஸ் லோரியில் ஏற்றினார்கள். காட்டிக்கொடுத்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நாகையா வெற்றிலை மென்றுகொண்டு நின்றான். கிள்ளான் துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பல். மூன்று வருஷம் தகவலே இல்லை. பிறகு அதே நாகையா வந்து, "காலராவுல போயிட்டான்" என்றான். அந்த வாயை நம்பிக் கருமாதி செய்தோம். அண்ணியின் தாலியைக் கழற்றியது என் கை.

15 ஆகஸ்ட்

சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். அண்ணி மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

19 ஆகஸ்ட்

போனேன். அண்ணிதான் இழுத்துக்கொண்டு போனாள். படத்தில் அவருக்குத் தலை நரைத்துவிட்டது. அமெரிக்காவிலேயே கிழவியாகிவிட்ட மனைவி அவருடைய பழைய சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். "ஆள் இருக்காருன்னு தெரியும், அது போதும்" என்கிறாளாம். மார்க்கிரட் மூக்கைச் சிந்தினாள். அண்ணி அழவில்லை. படத்து வெளிச்சத்தில் அவளுடைய வெறும் நெற்றி — அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

20 ஆகஸ்ட்

அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

கருமாதி முடிந்து நாலாம் மாதம் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணிக்கு எழுத்து தெரியாது. மூன்றாம் வகுப்பு படித்த நான்தான் வீட்டில் வாசிக்கிறவள். என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ரயில்வேயில் வேலை. நாடு கடத்தப்பட்டவனோடு தொடர்பு என்றால் வேலை போயிருக்கும். அறுத்த தாலியைத்தான் என்ன செய்வது? "ஊர்ல கோயில் கும்பாபிஷேகமாம் அண்ணி" என்று பொய்யாக வாசித்தேன். அடுப்பில் போட்டேன்.

அண்ணி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "தெரியும் தனம். அன்னிக்கு உன் கண்ணு காகிதத்துல நகரவே இல்ல. ஒரே எடத்துல நின்னுச்சு."

"ஏன் கேக்கல? ஏன் என்னை அடிக்கல?"

"நீ வாயும் வயிறுமா இருந்த. உன் வீட்டுச் சோறு. கேட்டுட்டு எங்க போவேன்?"

அந்தப் பிள்ளைக்கே இப்போது மூன்று பிள்ளைகள்.

"எரிச்சதை விடு. உனக்குத்தான் ஒண்ணும் மறக்காதே. வாசி."

வெறும் கையைப் பார்த்து வாசித்தேன். "பவுனு, சாகவில்லை. நாகப்பட்டினத்தில் மளிகைக் கடையில் இருக்கிறேன். வந்துவிடு. மூன்று மாதம் பார்ப்பேன். பதில் வராவிட்டால் உனக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வேன்."

"இன்னொரு தரம்."

27 ஆகஸ்ட்

நாகப்பட்டினத்துக்கு எழுதி விசாரிக்கிறேன் என்றான் ஜெயராஜ். "மூணு மாசம்னாரு. முப்பத்தேழு வருஷமாச்சு. வேணாம்" என்றாள் அண்ணி. ஆனால் இன்று காலை அண்ணன் படத்து மாலையைக் கழற்றினாள். கண்ணாடி முன் நின்று குங்குமம் வைத்தாள், கோணலாக. பிறகு என் எதிரில் உட்கார்ந்து, "வாசி" என்றாள். இந்த ஒரு வாரமாகத் தினமும் வாசிக்கச் சொல்கிறாள்.

நாற்பது வருஷமாக விளக்கேற்றும்போதெல்லாம் நாகையாவைச் சபித்தேன். இன்று அந்தப் பெயர் வாயில் வரவில்லை. மூன்றாம் வகுப்பு படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவள், தம்புசாமியின் கூடப் பிறந்தவள் தனலெட்சுமி. அவளை மன்னிக்கமாட்டேன்.