அசையாத எண்ணைப் பற்றி அத்தானுக்கு

பிரியமுள்ள என் அத்தானுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. நீங்கள் பெரிய புத்திசாலி என்று சர்ச் சபையில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் தீரவில்லை. அதில் பாதி என்மேல்தான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

தக்கலையில் நம் கம்ப்யூட்டர் கடையை மறுபடி திறந்துவிட்டேன். நேற்று ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பழைய கம்ப்யூட்டர் வந்தது. லினக்ஸ் போட்டுவிட்டு, சூடு பார்க்க 'சென்சார்ஸ்' கட்டளையைக் கொடுத்தேன். பிராசசர் நாற்பத்திரண்டு டிகிரி, போர்டு முப்பத்தெட்டு. மூன்றாவது வரியில் நூற்றி இருபத்தேழு. கொண்டுவந்த வாத்தியார் பயந்துபோய், "தீப்பிடிச்சிராதா?" என்றார்.

நீங்கள் சொல்வதையே சொன்னேன். அந்த இடத்தில் போர்டில் சென்சாரே பொருத்தவில்லை, சிப்பு சும்மா ஒரு எண்ணைக் காட்டுகிறது என்று. பிராசசருக்குப் பத்து நிமிடம் கடும் வேலை கொடுத்தேன். மற்ற இரண்டும் ஏறின, இது அசையவில்லை. கான்பிக் கோப்பில் 'இக்னோர்' என்று ஒரு வரி எழுதி அதை மறைத்தேன். வாத்தியார் நிம்மதியாகப் போனார். நான் அதோடு கடையை அடைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் முன்பு ஒரு காலை அக்காள் உங்கள் கையில் பிரஷர் மெஷினைக் கட்டினாளே, நினைவிருக்கிறதா? நீங்கள் தலைவலி தலைவலி என்கிறீர்களே என்று நாகர்கோவிலில் அவளாகப் போய் வாங்கிவந்தது. மேல் எண் நூற்றித் தொண்ணூற்றிரண்டு. மறுபடி பார்த்தாள், நூற்றித் தொண்ணூற்றொன்று. மூன்றாம் தடவை பழையபடி நூற்றித் தொண்ணூற்றிரண்டு. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று எழுந்துவிட்டாள்.

"ஆடாத நம்பர் பொய்யாக்கும் அத்தான். உள்ள சென்சாரு செத்திருக்கும்" என்றவன் நான்.

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "கேட்டியா பிள்ள? ஒனக்க தம்பியே சொல்லிட்டான். மிஷின் கேடு."

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு அந்தச் சில நிமிடத்தில் எண் எப்படி மாறும் அத்தான்? கம்ப்யூட்டரைக்கூட வேலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தானே தீர்ப்புச் சொல்வோம்? இருபது வருஷம் மதர்போர்டு பார்த்த இரண்டு பேருக்கு அந்த அறிவு எங்கே போனது?

நாலாம் நாள், கடியப்பட்டணத்தில் மீன் ஏலக்காரர் ஒருவரின் ஆபீசில், பிரிண்டரைச் சரிபார்க்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர்.

அக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "நல்ல மிஷினாட்டு வாங்கியிருந்தா இவிய நம்பியிருப்பாவல்லா? நாந்தானே கொன்னுட்டேன்." வந்தவர்களும், "வெல கொறஞ்ச சாமான் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தட்டை நீட்டுகிறேன்.

போன வாரம் அந்த மெஷினை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். நர்ஸ் தங்கள் கருவியையும் இதையும் என் கையில் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. யாரு கேடுன்னு சொன்னது?" என்றார். மெஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் தன்னையே திட்டிக்கொண்டிருக்கும்வரை என்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்தச் சௌகரியத்தில்தான் இரண்டு மாதமாக வயிறாரச் சாப்பிட்டேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? "விடு மக்கா" என்றா? உங்கள் மன்னிப்பு எனக்கு எதற்கு?

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆட்கள் அவளைச் சுற்றி நிற்கும்போது, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறேன். மெஷின் உண்மையைத்தான் சொன்னது, பொய் என்றவன் நான், சிரித்தவர் நீங்கள். அதன்பிறகு உங்கள் கல்லறைப் பக்கம் அவள் வராமல் போகலாம். என் முகத்தில் விழிக்காமலும் போகலாம். போகட்டும். தான் கொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மச்சினன்,
ஞாயிறு வரைக்குமாவது அவளுக்குத் தம்பி.