பரிவட்டமும் இரண்டு கைகளும்

அம்மையே, மழையும் நீ, மலையும் நீ. எழுதும் கையை நேராக ஓட்டுவாய்.

பங்குனி 3, வியாழன்

விடியலில் பனிமூட்டம். தேயிலை தெரியவில்லை. குளிர்ந்த நீரில் நீராடல், திருநீறு, ஒரு பதிகம். இடது முழங்கால் வலி.

நோர்வூட் சென்றேன். வாங்கியவை: கற்பூரம், சாம்பிராணி, நல்லெண்ணெய். காசிம் நானா கடையில் பத்திரிகை பார்த்தேன். ஆப்பிரிக்காவில் புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு நாட்டில் குலத்தலைவர்களுக்கெனத் தனிச் சபையாம். சட்டம் செய்வது பாராளுமன்றம். சடங்கும் குல வழக்கும் தலைவர்களுடைய பொறுப்பு. அவர்கள் தலைக்குமேல் பெரிய குடை வேறு. அந்தத் தாளை நானாவிடம் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

காரணம் உண்டு. ஞாயிறு கோயில் கூட்டம். தேர் புறப்படுமுன் ஒருவர் தலையில் மட்டும் பூசாரி கட்டும் பட்டுத்துணி, முதல் பரிவட்டம். பாட்டனாருக்கு, தந்தையாருக்கு, முப்பத்தொரு வருடமாக எனக்கு. தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி என்ற உத்தியோகம் போயிற்று. மிஞ்சியவை கோட்டு, கைத்தடி, இது. இப்போது தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் மருதமுத்து, "சனங்க தெரிஞ்செடுத்த ஆளுக்குத்தான் கட்டணும்" என்கிறான். ஐம்பது வயது. நல்லவன்தான். அதுவே தொந்தரவு.

பங்குனி 6, ஞாயிறு

நல்ல வெயில். கோயில் முன்றிலில் தோட்டம் முழுவதும்.

குடும்பத் தலைக்கட்டுக்கு ஒரு வாக்கு என்றேன். வயது வந்த எல்லாருக்கும், பெண்களுக்கும், என்றான் மருதமுத்து. பின்வரிசையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பக்கமிருந்து பெரிய ஆரவாரம். சரி, அப்படியே.

ஆப்பிரிக்கத் தாளை வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன்.

"அங்க தேர் இருக்குங்களா, ஐயா?" யாரோ ஒருவன். சிரிப்பு.

மருதமுத்து எழுந்தான். "கங்காணி ஐயா படிச்சது நெசந்தாங்க. ஆனா அந்த நாட்டுல தலைவருக்குச் சபையும் இருக்கு, சனத்துக்கு ஓட்டும் இருக்கு. நமக்கு இந்த நாட்டுல எது இருக்குங்க?"

தாளை மடித்தேன்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாக்கெண்ண நாற்காலிமேல் ஏறினார். "மருதமுத்துவுக்குக் கட்டணும்கிறவங்க கை தூக்குங்க."

அந்தக் கணத்தில், உள்ளே பூசாரி உச்சிப் பூசை மணியை அடித்தார். கூட்டம் முழுவதும் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பியது. நானும்.

கணக்கப்பிள்ளை கடமை தவறாதவர். கைகளை எண்ணினார். தோட்டத்தில் உள்ள தலைகளைவிட வாக்குகள் அதிகம். எனக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொல்ல அவசியம் ஏற்படவில்லை.

பங்குனி 7, திங்கள்

மாலையில் சாரல். பசியில்லை. இரண்டு தோசை மட்டும்.

இல்லாள்: "ஒங்க கைதான் எல்லாரு கைக்கும் மேல தெரிஞ்சிச்சு. இன்னுங் கொஞ்சம் தூக்கியிருந்தா மேகத்தத் தொட்டிருக்கலாம்."

"அம்மனுக்குத் தூக்குன கை அது."

"அதச் சொல்லி அம்மங்கிட்டயே வாங்கிக்கங்க பரிவட்டத்த."

விளக்கேற்றும் வேளை மருதமுத்து வந்தான். உட்காரவில்லை. முகம் வாடியிருந்தது. "கங்காணி ஐயா, அம்மனுக்குக் கும்பிட்ட கைய எனக்குன்னு எழுதிட்டாங்க. தெய்வக் குத்தமாயிருமா? வீட்டுல மாட்டுக்கு வேற சொகமில்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா ஒதுங்கிக்கிறேன்."

ஒரு வார்த்தை. நாவின் நுனிவரை வந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவன் போனபின் புராணத்தைப் பிரித்து, தனக்கல்லாத வழிபாட்டை ஏற்ற அசுரர்கள் எத்தனைபேர், என்ன ஆனார்கள் என்று பார்த்தேன். ஏராளம். ஒருவனும் உருப்படவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது. இதை எழுத வெட்கம்; எழுதாமல் விடுவது அதைவிடப் பெரிய வெட்கம்.

பங்குனி 9, புதன்

காலை கோட்டு அணிந்து புறப்பட்டேன். மருதமுத்துவிடம் சொல்ல அசுரர்கள் மூவரைத் தேர்ந்து வைத்திருந்தேன். அவனுடைய லயத்து வரிசைவீட்டுக்குப் போகும் வழியில், மேல்மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாப்பாத்தி கூடையோடு பாதைக்கு வந்தாள். கைம்பெண், யாருக்கும் அஞ்சாதவள்.

"ஓட்டு செல்லாதுன்னு சொல்லப் போறீங்களாமே, ஐயா?"

"மணி அடிச்சதாலதான கை தூக்குனீங்க?"

"மணி அடிக்காட்டியும் தூக்கியிருப்போம். ரெண்டு இல்ல, ஒண்ணு. பாதிய நீங்களே கழிச்சுக்கங்க." கொழுந்தைக் கூடைக்குள் எறிந்தாள். "நாட்டு எலெச்சன்ல நான் கடைசியா ஓட்டுப் போட்டப்ப எம் மூத்தவ கைக்கொழந்தைங்க. அதுக்கப்புறம் தோட்டத்து சனத்துக்கு ஓட்டு இல்லேன்னு புடுங்கிட்டாங்க. இப்ப அவளும் பக்கத்து நெரையில கூடையோட நிக்கிறா. இத்தன வருசங் கழிச்சு ஒரு தடவ கை தூக்கியிருக்கோம். அதையும் எறக்கச் சொல்றீங்களா?"

மற்றப் பெண்கள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசுரர் ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

மருதமுத்து வாசலில் மாட்டுக்குக் கஷாயம் புகட்டிக்கொண்டிருந்தான். "குத்தமில்ல. நீயே கட்டிக்க. திருவிழா முடியிற வரைக்கும் விரதம், விடியக்காலம் பச்சத்தண்ணிக் குளியல்" என்றேன்.

"பச்சத்தண்ணிங்களா?" முகத்தில் புதிய கவலை. எனக்குச் சிறிது ஆறுதல்.

பங்குனி 13, ஞாயிறு

நேற்றிரவு மழை. கோயில் முன்றில் சேறு. தேர் அலங்காரம் சிறப்பு, வாழை சற்றே சாய்வு. தவில் நல்ல கை.

முதல் வரிசையில் நின்றேன். மருதமுத்து எனக்கு வலப்புறம், உதடு நீலம் பாய்ந்து. பூசாரி தட்டோடு வந்தார். இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மனம் அறியும், பட்டு எனக்கில்லை என்று. கழுத்து அறியவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம். அவர் நெருங்கியதும் தலை தானாகக் குனிந்துவிட்டது.

பூசாரி என்னைக் கடந்துபோய் மருதமுத்துவுக்குக் கட்டினார்.

குனிந்த தலையை என்ன செய்வது? ஊரே பார்க்கிறது. நிமிர்ந்தால் மானம் போயிற்று. ஆகவே மேலும் குனிந்தேன். முழங்கால் மடங்கிற்று. அப்படியே அம்மன்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன், சேற்றில், கோட்டோடு.

பின்னால் ஏதோ சரசரவென்ற ஓசை. தலையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தேன். இவ்வருடம் முறை இதுதான் போலும் என்று எண்ணித் தோட்டம் முழுவதும் விழுந்துகொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை, தவில்காரர், பெண்கள் எல்லாரும். பாப்பாத்திகூட. எனக்கு வலப்புறம் மருதமுத்துவும், பட்டுத்துணி மூக்குவரை இறங்கியபடி.

"கங்காணி ஐயா," என்று சேற்றுக்குள்ளிருந்து மெல்லக் கேட்டான், "எப்பங்க எந்திரிக்கணும்?"

"நான் எந்திரிச்சப்புறம்" என்றேன்.

முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நெடுநேரமாயிற்று. ஒருவரும் அசையவில்லை. கடைசியில் நானே அவனிடம் கை நீட்ட நேர்ந்தது. அவன் எழுந்து என்னைத் தூக்கினான். பிறகே தேர் நகர்ந்தது.

இந்த ஏட்டைப் படிக்கும் கண் எவருடையதானாலும், அவர் இல்லத்தில் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்க. விழுந்தவரைத் தூக்க ஒரு கை அருகிருக்க. அம்மை காக்க.